போட்டு வாறன்

எங்கள் வீட்டில் யாரும் "போறன்" என்று சொல்லக்கூடாது. சந்திக் கடையில் பால் வாங்கப் போனாலும் "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும். போய்விட்டு வருகிறேன் என்பதை எங்கள் யாழ்ப்பாணத்து வாய் சுருக்கிச் சுருக்கி அப்படி ஆக்கி வைத்திருக்கிறது. வெறுமனே "போறன்" என்று ஒருவர் வாசலைத் தாண்டினால் நான் விடமாட்டேன். கூப்பிட்டு நிறுத்தி, திருத்திச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவேன். போகிறவரைப் பின்னால் கூப்பிடுவதும் கூடாதுதான். இரண்டு கூடாதவற்றில் சின்னதை நான் எடுத்துக்கொள்வேன்.

ஊருக்கு ஊர் இப்படி ஏதோ ஒன்று இருக்கிறது. நாங்கள் ஜேர்மனியில் இருந்த காலத்தில், அங்கே உள்ளவர்கள் பிரியும்போது மறுபடி காணும்வரைக்கும் என்ற பொருளில் ஒன்று சொல்வார்கள். பிறகு மகனின் இங்கிலீசுப் படிப்பைச் சாட்டி லண்டனுக்கு வந்து ஹவுன்ஸ்லோவில் வீடு எடுத்தோம். வந்த புதிதில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்து "சீ யூ லேட்டர்" என்றாள். பிறகு சந்திப்போம் என்கிறாள், அப்படியென்றால் வரப்போகிறாள் என்று நான் முன்னறையைக் கூட்டி, கதிரைத் துணியை மாற்றி, கடலை வடை சுட்டு வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகு ஒருநாளும் வரவில்லை. வடையை இவர்தான் தின்று முடித்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். "உதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்லுறதப்பா. அதுக்குப் போய் எண்ணெய்ச் சட்டி வைக்கிறதே?" என்று இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பது இவர் கட்சி. மகன் ஒரு ஜப்பான்காரப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, இவளைத்தான் கட்டப்போகிறேன் என்று சொன்ன அன்று அந்தக் கோபம் மூக்கை விட்டு இறங்கி வீடு முழுக்க நடந்தது. நான் ஒரு வார்த்தை பேசாமல் சமைத்தேன். சோற்றைப் போட்டு அவளுக்கு முன்னால் கொஞ்சம் சத்தமாகத்தான் கோப்பையை வைத்தேன். அவள் இரண்டு கையையும் சேர்த்து, தலையைக் குனிந்து, கோப்பையைப் பார்த்து மெல்ல ஏதோ சொன்னாள். சாப்பாட்டை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கிக்கொள்கிறேன் என்று அதற்கு அர்த்தமாம். இத்தனை வருசமாக என் கையால் தின்றவர்களில் என் சோற்றைக் கும்பிட்டுவிட்டுத் தின்றவள் அவள் ஒருத்திதான். உறைப்பில் கண்ணீர் ஓட ஓட ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளுக்கு மோர் கரைத்துக் கொடுத்தேன்.

கலியாணம் முடிந்து இரண்டு பேரும் எங்கள் மேலறையில்தான் இருந்தார்கள். மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, வீட்டில் இருந்தபடியே செய்கிறான். அவளுக்கு ஆக்டனில் ஜப்பான் பிள்ளைகளுக்கான பாலர் பள்ளி ஒன்றில் வேலை. நான் விமான நிலையத்தில் சாண்ட்விச் விற்கிற கவுன்டரில் நிற்கிறவள். காலை ஷிப்ட் முடித்து மாலையில் வீட்டில் இருப்பேன். அவள் வேலைக்குப் போன முதல் நாள் மாலை கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வாசலில் நின்று "ததைமா" என்று குரல் கொடுத்தாள். எனக்கு அது "தடையம்மா" என்று விழுந்தது.

"என்ன தடை பிள்ளை? ரெயின் ஓடேல்லையோ?" என்று அடுப்பைக் குறைத்துவிட்டுக் குசினிக்குள் இருந்து ஓடி வந்தேன். அவள் விளங்காமல், காலில் இருந்து கழற்றிய சப்பாத்தும் கையுமாக நின்றாள். மகன் மேலே இருந்து இறங்கி வந்து விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவளைப் பார்த்து "ஒகயெரி" என்றான். அவளுடைய முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். கலியாணப் படங்களில்கூட அந்த முகம் விழவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் எங்களுக்குப் பாடம் நடத்தினாள். பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிற மாதிரியேதான். கதவைத் திறந்து வெளியே போவதற்கு முன் திரும்பி நின்று "இத்தெகிமஸ்" என்றாள். வீட்டில் நிற்கிறவர்கள் "இத்தெரஷ்ஷாய்" என்று சொல்லவேண்டும். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டுத் திரும்ப உள்ளே வந்து "ததைமா", இதோ வந்துவிட்டேன் என்றாள். வீட்டில் இருக்கிறவர்கள் "ஒகயெரி", வந்துவிட்டாயா என்று சொல்லவேண்டும். ஒன்று சொன்னால் மற்றது வரவேண்டும். வராவிட்டால் சொன்னது அந்தரத்தில் நின்றுவிடும் என்று அவள் கையை மேலே தூக்கி, அப்படியே பிடித்துக் காட்டினாள். ஒகயெரி எனக்கு ஞாபகத்தில் நிற்கவில்லை. அடுப்படியில் நிற்கிறவள்தானே, "ஓ, கை எரி" என்று பாடமாக்கிக்கொண்டேன்.

இத்தெகிமஸ் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். மகன் இங்கிலீசில் கேட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். "கோ அண்ட் கம் அம்மா. போய் வாறன். நீங்கள் சொல்லுறதுதான்."

நான் கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டேன். ஜேர்மன்காரன் காணும்வரைக்கும் என்கிறான், வெள்ளைக்காரன் பிறகு காண்போம் என்கிறான். போகிறேன் என்பதையும் வருகிறேன் என்பதையும் ஒரே மூச்சில் சொல்கிற ஆட்கள் எங்களைத் தவிர இன்னொரு மூலையிலும் இருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். போறன் என்று சொன்னால் கூப்பிட்டு நிறுத்துகிற மாமிமார் அங்கேயும் இருப்பார்கள் என்று நினைக்கச் சந்தோசமாக இருந்தது. அவளும் எங்கள் சொல்லைப் படிக்கவேண்டும் என்று ஃபோனில் தேடியிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து ஃபோனைக் காட்டிக் கேட்டாள்:

"மாமி, போட்டு வாறன். எதைப் போட்டு?"

ஃபோன் சரியாகத்தான் சொல்லியிருந்தது. போட்டு என்றால் கீழே போடுவது, எறிவது. எதைப் போட்டுவிட்டு வருகிறீர்கள் என்று அந்தப் பிள்ளை கேட்கிறது. நானும் இவரும் வயிறு நோகச் சிரித்தோம். "ஒண்டையும் போடுறேல்லை பிள்ளை. போய்... ட்டு. போட்டு" என்று விளக்கினேன். அவள் தலையை ஆட்டினாள். விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து ஒருநாள் இத்தெகிமஸ், ஒருநாள் போட்டு வாறன் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

இவருக்கு மட்டும் இதெல்லாம் ஏறவில்லை. இவருக்குத் தெரிந்தது "கொன்னிச்சிவா" ஒன்றுதான். காலையில் அவள் தேத்தண்ணி போட வந்தாலும் கொன்னிச்சிவா, இரவு படுக்கப் போனாலும் கொன்னிச்சிவா. அது பகலில் மட்டும் சொல்கிற வணக்கமாம். அதுவும் வெளி ஆட்களுக்குத்தானாம், ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்வதில்லையாம். "மாமா, நோ. வீட்டுக்குள்ளை இல்லை" என்று அவள் ஒவ்வொரு முறையும் விரலை ஆட்டித் திருத்துவாள். இவர் ஒவ்வொரு முறையும் மறந்துவிடுவார். வேண்டுமென்றே மறக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம், அவள் திருத்துவது இவருக்குப் பிடித்திருந்தது.

அவள் சொன்னவற்றில் என் மனதில் தைத்தது வேறொன்று. அவள் என்னைவிட நேரத்தோடு வீட்டுக்கு வந்திருந்த ஒருநாள், நான் கால் வீங்கிப்போய் உள்ளே வந்தேன். அவள் எழுந்து நின்று "ஒத்சுகரெசமா" என்று தலையைக் குனிந்தாள். அர்த்தம் கேட்டேன். நீங்கள் உழைத்துக் களைத்து வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தமாம், அதை ஒரு வணக்கமாகவே சொல்வார்களாம். நான் ஜேர்மனியில் கோப்பை கழுவினேன், இங்கே வந்து தரை துடைத்தேன், இப்போது கவுன்டரில் நிற்கிறேன். களைத்துப்போனாய் என்று ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஆக்டனில் அவளுடைய சின்னம்மா ஒருவர் இருந்தார். அந்த மனிசி ஒருநாள் எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது. மகனுக்கு வேலை முடியவில்லை, நாங்கள் மூன்று பேரும் போனோம். நான் வடை சுட்டுக்கொண்டு போனேன். மனிசி நாலு வடை தின்றது. வெளிக்கிடும்போது நான் வாசலில் நின்று, நெடுநாள் படித்துவைத்திருந்ததை எடுத்துவிட்டேன். "இத்தெகிமஸ்" என்று சத்தமாகச் சொல்லி, தலையையும் குனிந்தேன். போட்டு வாறன் என்று சொல்கிறேன் என்பது என் எண்ணம். எங்களில் யார் வீட்டுக்குப் போனாலும் அப்படிச் சொல்லித்தானே வெளிக்கிடுவோம். மனிசி ஒரு கணம் திகைத்துப்போய் நின்றது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மருமகளுக்குக் காது சிவந்துவிட்டது.

திரும்பி வரும்போது பிக்கடிலி லைன் ரெயினில் அவள் எனக்கு மெல்ல மெல்ல விளங்கப்படுத்தினாள். இத்தெகிமஸ் என்பதை ஒருவர் தன்னுடைய சொந்த இடத்தில் இருந்து வெளிக்கிடும்போது மட்டும்தான் சொல்லலாம். நான் அதை அந்த வீட்டு வாசலில் சொன்னால், நான் அங்கேதான் இருக்கிறேன், இரவுக்குப் படுக்க வந்துவிடுவேன் என்று அர்த்தம். விருந்தாளிக்கு வேறு சொல். உள்ளே வரும்போது "ஒஜமா ஷிமஸ்", வெளிக்கிடும்போது "ஒஜமா ஷிமஷ்தா". இடைஞ்சல் தருகிறேன், இடைஞ்சல் தந்துவிட்டேன்.

"இடைஞ்சலோ? வடையும் கொண்டு போய்க் குடுத்து, இடைஞ்சல் எண்டும் சொல்லவேணுமோ?" என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. எதிரே இருந்த ஆள் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, எங்கள் வீட்டுக்கு முதல்முதல் வந்த அன்று தானும் வாசலில் அதைத்தான் மெல்லச் சொன்னதாகச் சொன்னாள். "இப்ப சொல்லுறேல்லை, மாமி. இப்ப என்ரை வீடு" என்றாள். அவள் தமிழில் சொன்ன அந்த வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. ரெயின் ஹவுன்ஸ்லோவுக்கு வரும் வரைக்கும் கையை எடுக்கவும் இல்லை.

மகனுக்கும் அவளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. சண்டை இருந்தால் நான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் ஏசியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. சண்டையே இல்லை. எனக்குத் தெரிந்தது மாலையில் கதவு திறக்கிற சத்தம் மட்டும்தான். ஆரம்பத்தில் அவள் ததைமா என்றதும் மகன் படியில் தடதடவென்று இறங்கி வந்து ஒகயெரி சொல்வான். பிறகு மேலே இருந்தபடி சொன்னான். பிறகு காதில் பெரிய ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க மீட்டிங்கில் இருக்கத் தொடங்கினான். அவள் வாசலில் நின்று ததைமா என்பாள். மேலே ஒரு சத்தமும் வராது.

நான் குசினியில் இருந்து "ஒகயெரி" என்று குரல் கொடுப்பேன். அவள் எட்டிப் பார்த்து "மாமி, தாங்க்ஸ்" என்பாள். ஆனாலும் மேலே ஏறுவதற்கு முன் படிக்கட்டின் அடியில் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பாள். மேலே பார்ப்பாள். என்னுடைய ஒகயெரி கணக்கில் சேராது என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது. அவள் காத்துக்கொண்டு நின்றது வேறு ஒரு குரலுக்கு.

பொறுக்க முடியாமல் ஒருநாள் மகனிடம் மேலே ஏறிப் போய்ச் சொன்னேன். "தம்பி, அந்தப் பிள்ளை வரேக்கை ஒரு சொல்லுச் சொன்னால் உனக்கு வாய் தேஞ்சு போகுமோ?" அவன் ஹெட்ஃபோனின் ஒரு காதை மட்டும் தூக்கி "அம்மா, ஐ'ம் இன் எ மீட்டிங்" என்றான். ஆனால் அடுத்த நாள் அவள் கதவைத் திறந்ததும் மேலே இருந்து "ஒகயெரி!" என்று ஒரு கத்துக் கத்தினான். பார்சல்காரனுக்கு வாசலில் வைத்துவிட்டுப் போ என்று கத்துவானே, அதே குரல். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குசினிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்லிச் சொல்லவைத்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோபிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு மேலே போனாள். மறுநாள் அவள் ததைமா சொல்லாமலேயே உள்ளே வந்தாள்.

பிறகு அவள் சில நாள் சின்னம்மா வீட்டில் நின்றாள். சில நாள் சில கிழமை ஆயிற்று. வேலைக்குக் கிட்ட என்று மகன் சொன்னான். குளிர்காலம்தானே, ரெயினும் ஒழுங்காக ஓடுவதில்லை என்று நானும் நம்பினேன். நம்ப விரும்பினேன் என்றுதான் சொல்லவேண்டும். இவரிடம் கேட்டதற்கு "பெரிய ஆட்கள், அவை பாத்துக்கொள்ளுவினம்" என்று டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளிர்க் கோட்டு எடுக்க வந்தாள். மணி அடித்தாள். சாவி இருக்கிறவள் எதற்கு மணி அடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாய்க் கிடக்கும், அவளுடையதும் அந்தக் குவியலில்தான் கிடக்கும். அன்றைக்கு அவள் குனிந்து தன்னுடையதைச் சோடி சேர்த்து, நுனி கதவைப் பார்க்கத் திருப்பி, ஓரமாக வைத்தாள். பிறகு நிமிர்ந்து, வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது, எனக்குக் கேட்கவேண்டும் என்று இல்லாமல் தனக்குள் மெல்லச் சொன்னாள்:

"ஒஜமா ஷிமஸ்."

அவள் அதை யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் எனக்கு முன்னால் சொல்லியிருக்க மாட்டாள், எனக்கு அது தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது. வாய்க்கு முதலே தெரிந்துவிட்டது, இது தன் வீடு இல்லை என்று. அந்த வாசலில் அதைக் கேட்டவளும் அதன் அர்த்தம் தெரிந்தவளும் நான் ஒருத்திதான். ரெயினில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லித்தந்திராவிட்டால் நானும் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போயிருப்பேன்.

அவள் மேலே போய்க் கோட்டையும் இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். குசினியில் என்னோடு இருந்து தேத்தண்ணி குடித்தாள். எத்தனையோ கேட்கவேண்டும் போல எனக்கு இருந்தது. ஏன் பிள்ளை, அவன் என்ன செய்தான், நான் என்ன செய்யவேண்டும், உனக்குப் பதிலாக அவனுக்கு இரண்டு போடட்டுமா. எந்தப் பாசையில் கேட்பது? அவளுக்குத் தெரிந்த தமிழ் குசினித் தமிழ். எனக்குத் தெரிந்த ஜப்பான் பாசை வாசல் கதவோடு முடிந்துவிடுகிறது. இங்கிலீசு அவளுக்கு நன்றாக வரும், எனக்குக் கவுன்டர் இங்கிலீசு. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது வணக்கங்கள் மட்டும்தான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் கடைசியில் வாயைத் திறந்து "யூ ஓகே?" என்று கேட்டேன். "ஓகே, மாமி" என்றாள். மேலே ஒரு விமானம் தாழ்வாகப் போனது, அது போய் முடிந்ததும் அவள் எழுந்து பைகளைத் தூக்கிக்கொண்டாள்.

அன்று மாலை மகனைப் பிடித்துக்கொண்டேன். "அவள் ஒஜமா ஷிமஸ் எண்டு சொல்லிக்கொண்டு வந்தவள். உனக்குத் தெரியுமோ அது என்னெண்டு?"

"அம்மா, லீவ் இட்."

"விடமாட்டன். சொந்த வீட்டுக்குள்ளை வாற பிள்ளை அப்பிடிச் சொல்லுமோ?"

அவன் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தான். "ஷி'ஸ் கோயிங் பேக். ஜப்பானுக்கு. நாங்கள் கதைச்சு முடிச்சிட்டம்" என்றான். குரல் உடைந்திருந்தது. நான் ஏசுவதற்கு என்று எடுத்துவைத்திருந்த அவ்வளவையும் அப்படியே விட்டுவிட்டேன். அவனும் தவித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான், எனக்கு அதுவும் தெரிந்திருக்கவில்லை. யாரில் பிழை என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும். யாரையாவது வெறுத்துவிட்டுப் படுக்கலாம்.

போவதற்கு முதல் நாள் அவள் எங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு நின்றேன். மகன் மேலே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். அவர்களுடைய பிரியாவிடை வேறு எங்கேயோ முடிந்துவிட்டிருந்தது. இவர் காலையிலேயே ஷேவ் எடுத்து, சேர்ட் மாற்றி, என்ன சொல்வது என்று தெரியாமல் முன்னறைக்குள் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். மத்தியானம் மணி அடித்ததும் தானே போய்க் கதவைத் திறந்தார். அவளைப் பார்த்ததும் இவருடைய வாயில் வந்தது ஒன்றுதான்.

"கொன்னிச்சிவா."

அவள் விரலை ஆட்டித் திருத்துவாள் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திருத்தவில்லை. "கொன்னிச்சிவா, மாமா" என்று தலையைக் குனிந்தாள். இத்தனை காலம் பிழையாகவே சொல்லிவந்த மனிசன், அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சரியாகச் சொன்னார். அது இவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

அவள் எனக்கு ஒரு சின்னச் சோறு கிண்ணம் கொண்டு வந்திருந்தாள். நான் அவளுக்கு மிளகாய்த் தூள் கட்டிக் கொடுத்தேன். அங்கே போய் அதை என்ன செய்வாள் என்று எனக்கே தெரியாது. வேறு எதைக் கொடுப்பது? சாவியை மேசையில் சத்தம் வராமல் வைத்தாள். வெளியே டாக்ஸி வந்து நின்றது. அவள் வாசலில் இருந்து சப்பாத்தைப் போட்டாள். நுனி வெளியே பார்க்கத் திருப்பி வைத்தபடியால் அதற்கு நேரமே எடுக்கவில்லை.

எழுந்து என்னைப் பார்த்து நின்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது, இப்போது அவள் இடைஞ்சல் தந்துவிட்டேன் என்று சொல்லப்போகிறாள். அதை என் காதால் கேட்க எனக்கு ஏலாது. அவள் வாய் திறப்பதற்கு முன் நான் முந்திக்கொண்டேன். வீட்டில் நிற்கிறவர்கள் முதலில் சொல்வதில்லை, போகிறவர் சொன்ன பிறகுதான் சொல்லவேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

"இத்தெரஷ்ஷாய்."

போய்விட்டு வா. அதற்கு ஒரே ஒரு மறுமொழிதான் இருக்கிறது, இத்தெகிமஸ். சொன்னால் திரும்பி வரவேண்டிய மறுமொழி. அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. என் வணக்கம் அந்தரத்தில் நின்றது, அவள் அன்றைக்குக் கையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாளே, அந்த மாதிரி. இப்படி அவளை மாட்டிவிட்டேனே என்று எனக்கே என்னில் ஆத்திரம் வந்தது. டாக்ஸிக்காரன் ஹோர்ன் அடித்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"மாமி," என்றாள். "போட்டு வாறன்."

தன்னுடைய பாசையில் அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. அங்கே அந்தச் சொல்லுக்கு வீடு ஒன்று வேண்டும். எங்கள் பாசையில் யாரும் சொல்லலாம், வருகிறவரும் சொல்லலாம், இனி வரவே மாட்டாதவரும் சொல்லலாம். அவள் அதைத் தேடி எடுத்து எனக்குத் தந்தாள். "ஓம் பிள்ளை. போட்டு வா" என்றேன். டாக்ஸி திரும்பி மறையும் வரைக்கும் வாசலில் நின்றோம். எதைப் போட்டு என்று அவள் கேட்டது அப்போது ஞாபகம் வந்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே வந்தபோது மகன் படியில் பாதி இறங்கி, ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். காதில் ஒன்றும் இல்லை.

"என்னம்மா சொன்னவள்?"

"போட்டு வாறன் எண்டு சொன்னவள்."

அவன் இன்னும் ஒரு படி இறங்கினான். லண்டனில் வளர்ந்த பிள்ளை, சொல்லுக்கு என்ன அர்த்தமோ அதை அப்படியே எடுக்கிறவன்.

"அப்ப," என்றான், "திரும்பி வருவாளோ அம்மா?"

உதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்லுறது என்று இவர் பின்னால் இருந்து சொல்லிவிடுவாரோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு, வாசலில் கிடந்த சப்பாத்துகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தார். மகன் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.